நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அட்டையில் படகு எரிகிறது.
ஆரஞ்சு நிறம் கொஞ்சம் அதிகம்.
நிஜத்தில் அவ்வளவு சுடர் இல்லை,
லோத்தாவில் அன்று மழை,
ஈரப் பலகை விடியும்வரை
புகைந்துகொண்டே கிடந்தது.

அடுப்பு சூடேறும்வரை
மாவுக் கையோடு இரண்டாம் தடவை வாசிக்கிறேன்
என் அண்ணன் எழுதிய நாவலை.
பக்க ஓரமெல்லாம் என் விரல் வெள்ளை.

அப்பா அப்படியே இருக்கிறார்.
கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிவிட்டு
ஏறி வருகிற மனிதர்,
இமையோரம் கழுவினாலும் போகாத கரி,
பெல்ட்டை உருவும்போது மட்டும்
நிதானமாகிவிடுகிற கைகள்.
பித்தளைக் கொக்கியைக்கூட விடவில்லை நிபால்தோ.
அது முதுகில் பதித்த சதுரத்துக்கு
ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறான்.
அம்மாவுக்கு ஓர் அத்தியாயம்.
அலை ஒதுக்கும் கரித்துண்டுகளை வலையில் அள்ளி விற்ற
பக்கத்து வீட்டு ஓனோஃப்ரேவுக்கு நாலு வரி.
அவருடைய கோவேறு கழுதைக்கும் பெயர் உண்டு.

தங்கை இல்லை.
முந்நூற்று நாற்பது பக்கத்தில் எங்கேயும்
ஒரு சின்னப் பெண் இல்லை.
கதவுக்குப் பின்னால் பார்த்தேன்,
மேசைக்கடியில் பார்த்தேன்,
நான் வழக்கமாக ஒளிகிற இடங்கள் அவை.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பையன் தீக்குச்சி உரசுகிறான்.
முதல் குச்சி நமத்துப்போயிருக்கிறது. இரண்டாவதும்.
மூன்றாவதை அக்குளில் வைத்துச் சூடாக்கி உரசுகிறான்.

அக்குளில் வைத்தது
எனக்கு மட்டும்தான் தெரியும்.
எனக்கும்,
அன்றிரவு போர்வைக்குள் நான் சொல்லக் கேட்ட அவனுக்கும்.

அதற்கு முந்தின ஞாயிறு
அந்தப் படகில்தான் அவனைக் கட்டிவைத்திருந்தார்.
எனக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பதின்மூன்று.
காலையில் போலீஸ்காரர் சேற்றுப் பூட்ஸோடு நின்று
"யார்?" என்றார்.
"நான்" என்றான்,
பள்ளியில் பேர் கூப்பிட்டால் சொல்வதுபோல.
நான் ரொட்டி மென்றுகொண்டிருந்தேன்.
விழுங்கவும் செய்தேன்.

சீர்திருத்தப் பள்ளி நாலு வருஷம்.
திரும்பி வந்தவனுக்கு இடது காது இருந்தது,
கேட்பது போயிருந்தது.
மிச்சமெல்லாம் இரண்டாம் பாகத்தில் வருகிறது:
கதவு சாத்தினால் தூங்காதவன்,
ஒன்பது வேலை, இரண்டு மனைவி.
அலமாரியில் தட்டெடுக்கக் கையை உயர்த்துகிறான்,
மகன் தலையை மூடிக்கொண்டு குனிகிறான்.
அவனை ஒருநாளும் அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறான்.
ஒருநாள் தவிர என்று
அடுத்த வரியில் எழுதியிருக்கிறான்.

எனக்கு இரண்டாம் பாகம் கிடையாது.
எனக்கு நடந்தது ரொட்டி.
முப்பத்தெட்டு வருஷமாக விடிகாலை மூன்று மணிக்கு
என்னிடம் தீப்பெட்டியைக் கொடுத்து
அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறார்கள்.
அடைமழையிலும் எனக்கு ஒரே குச்சி போதும்.

என்னைக் காப்பாற்றியிருக்கிறானா
அழித்திருக்கிறானா?
இரண்டுக்கும் ஒரே ரப்பர்தான்.

போன வியாழன் கன்செப்சியோன் நூலகத்தில்
குடையை மடக்கி வரிசையில் நின்றேன்.
என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான்.
புருவம்கூட நரைத்துவிட்டது.
எப்போதும் அவனுக்கு வலப்பக்கம் உட்காருகிறவள்,
அன்று இடப்பக்கம் குனிந்தேன்.
"தீ வைத்தது நான்" என்றேன்,
அந்தப் போர்வைக்குப் பிறகு முதல்முறையாக.

"என்ன?"
நல்ல காதைத் திருப்பினான்.
பின்னால் ஒரு பெண்மணி கைப்பையில் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தாள்.
"மழை" என்றேன். "பஸ் போய்விடும்."

எர்சீலியாவுக்கு, என்று எழுதிக் கொடுத்தான்.
அச்சில் இல்லாத பெயர்
இந்த ஒரு பிரதியில் நீல மையில் இருக்கிறது.
காய்வதற்குள் மூடிவிட்டேன்போல,
எதிர்ப்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது,
இடவலம் மாறி,
பாதி எழுத்து.